தாத்தா மரத்தைத் தட்டினாரா, வெட்டினாரா? – ‘டேப்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் பல பொருள்கள்

ஆங்கிலத்தில் ‘டேப்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. மூன்றே எழுத்து. ஒட்டும் நாடாவைக் குறிக்கும் ‘டேய்ப்’ வேறு, இது வேறு. கதவை மெல்லத் தட்டுவதும் ‘டேப்’தான். கைப்பேசித் திரையில் விரலை வைத்து எடுப்பதும் ‘டேப்’தான். பிறருடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்பது, நோயாளியின் வயிற்றில் தேங்கிய நீரை ஊசி வழியாக எடுப்பது, நாட்டின் வளங்களைப் பயன்படுத்துவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். வீட்டுக் குழாய்க்கும் இதுவே பெயர்.

ஆனால் பேராக் மாநிலத்துத் தமிழர்களைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. ரப்பர் மரத்தில் பால் எடுப்பதுதான் அது. சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் எனப் பல வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் செய்த வேலை இந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கியிருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் அவர்களுடைய பெயருக்கு எதிரே எழுதப்பட்ட வேலையும் ‘டேப்பர்’ என்பதே.

அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்று ஈப்போவில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார் ஆசிரியர். ‘தாத்தா ரப்பர் டேப்பர்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதை அவன் அகராதியைப் பார்த்துத் தமிழாக்குகிறான். அகராதியில் முதலில் இருக்கும் பொருள் ‘தட்டு’. ‘என் தாத்தா ரப்பர் மரங்களைத் தட்டினார்’ என்று எழுதிவிடுகிறான். இன்னொரு பிள்ளை பாட்டி சொன்ன தமிழை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். பாட்டி சொன்னது, ‘உங்க தாத்தா மரம் வெட்டுனாரு’ என்று. அவளுடைய ஆங்கிலத்தில் தாத்தா காட்டை அழித்த ஆளாகிவிடுகிறார்.

இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இரண்டுமே நடந்ததைச் சொல்லவில்லை. ஒரு சொல்லைச் சரியாக மொழிபெயர்ப்பது தேர்வுத் தாளோடு முடிந்துபோகிற காரியம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே எழுத்து, இரண்டு சொற்கள்

‘டேப்’ என்பதற்கு ஏன் இத்தனை பொருள்? உண்மையில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்கள். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகிவிட்டதால் ஒன்றுபோல் தெரிகின்றன.

முதலாவது சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மெல்ல அடிப்பது, தட்டுவது அதன் பொருள். தோளில் தட்டுவதும், மேசையில் விரலால் தாளம் போடுவதும், கைப்பேசித் திரையைத் தொடுவதும் இந்தச் சொல்லின் பிள்ளைகள்.

இரண்டாவது சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. மது நிரப்பிய மரப்பீப்பாயில் ஒரு துளை இருக்கும். அதை அடைக்கும் மரக்கட்டைக்கு அந்தப் பெயர். கட்டையை உருவினால் மது வரும். ஆகவே அடைபட்டுக் கிடக்கும் ஒன்றைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது என்பது இதன் பொருள். குழாய், ஒட்டுக் கேட்பது, நோயாளியின் உடலிலிருந்து நீர் எடுப்பது, வளத்தைப் பயன்படுத்துவது, ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எல்லாம் இந்தப் பீப்பாயிலிருந்து வந்தவை.

இதைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ‘டேப்’ என்று கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இங்கே ஏதாவது வெளியே வருகிறதா? வந்தால் அது பீப்பாய்ச் சொல். வராவிட்டால் தட்டும் சொல்.

குவாலா கங்சாரில் தொடங்கிய வேலை

இந்தச் சொல் பேராக்குக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் குவாலா கங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது எனச் சொல்லப்படும் மரம் ஒன்று இன்றும் குவாலா கங்சாரில் காட்டப்படுகிறது.

மரம் வளர்ந்தது. பாலை எப்படி எடுப்பது என்பது அடுத்த கேள்வி. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து ஆழமாக விழுந்தால் மரம் புண்ணாகும். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இதற்கு மாற்று வழி கண்டார். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் கொத்தாமல், முன்பு போட்ட அதே கோட்டின் ஓரத்தில் மெல்லிய பட்டையைச் சீவி எடுப்பது அவருடைய முறை. சீவும் பட்டையின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உயிருள்ள மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. புதிய பட்டையை வளர்ப்பது அதுதான். கத்தி அதைத் தொடாமல் நின்றால் மரம் பல ஆண்டுகள் பால் கொடுக்கும். தொட்டுவிட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகக் கோடு போட முடியாது.

கோடு இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் சற்றே சரிந்து ஏறுவதால், அப்படிப் போட்டால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். விடியலுக்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து ஓட்டமும் குறையும். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்ததற்குக் காரணம் இந்த மரத்தின் இயல்புதான்.

‘டேப்’ என்ற மூன்று எழுத்துக்குள் இவ்வளவு கைத்திறன் இருக்கிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில், அரையிருட்டில், மில்லிமீட்டர் கணக்கில் கத்தியை நிறுத்தும் வேலை. படிப்பில்லாதவர்கள் செய்த எளிய வேலை என்று அதை ஒதுக்குகிறவர்கள் ஒரு முறை கத்தியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

தமிழர் தேர்ந்த சொல் ‘வெட்டு’

ஆங்கிலேயத் துரை ‘டேப்’ என்றார். அவர் மரத்தைப் பீப்பாயாகப் பார்த்தார். வெளியே வரும் பால் அவர் கண்ணில் பட்டது. அந்த வேலையைச் செய்த தமிழர்கள் அதற்குச் சொன்ன பெயர் ‘பால் வெட்டு’. ‘மரம் வெட்டுறது’ என்றும் சொன்னார்கள். கத்தி பிடித்த கை செய்வதை அந்தச் சொல் சொல்கிறது.

தமிழகத்து ஊரில் ‘மரம் வெட்டப் போனார்’ என்றால் மரத்தைச் சாய்க்கப் போனார் என்றுதான் பொருள். பேராக் தோட்டத்தில் அதே வாக்கியத்துக்கு, நாளைக்கும் பால் தர வேண்டிய மரத்தைப் பக்குவமாகச் சீவப் போனார் என்று பொருள். ஒரே மொழி, ஒரே சொல். இடம் மாறியதும் பொருள் நேர் எதிராகிவிட்டது.

இது பேராக்குக்கு மட்டும் உரியதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் ‘பால்வெட்டு’ என்கிறார்கள். ‘பால் வடிப்பு’ என்ற சொல்லும் அங்கே வழங்குகிறது. கேரளத்தில் ‘ரப்பர் வெட்டு’. இலங்கையில் சிங்களவர்கள் ‘கிரி கபனவா’ என்கிறார்கள். ‘கிரி’ என்றால் பால், ‘கபனவா’ என்றால் வெட்டுவது. அப்படியே நம் ‘பால் வெட்டு’தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தென்னையிலும் பனையிலும் கள் எடுப்பதையும் ஆங்கிலத்தில் ‘டேப்’ என்றே சொல்வார்கள். தமிழர் அதற்கு ‘வெட்டு’ என்பதில்லை. பாளையைச் ‘சீவுவார்கள்’, கள்ளை ‘இறக்குவார்கள்’. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிய இரண்டு தொழில்களைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது.

எல்லைக்கு அப்பால் தாய்மொழியார் சொல்வது

பேராக்கின் வட கோடியில் இருக்கிறது பெங்காலான் ஹுலு. பழைய பெயர் குரோ. அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் யாலா மாநிலத்துப் பெத்தோங். மண்ணும் மழையும் ஒன்றுதான், ரப்பர் மரமும் ஒன்றுதான். தென் தாய்லாந்துக்கு ரப்பர் போனதே மலாயாப் பக்கத்திலிருந்துதான். திராங் மாநிலத்துக் கந்தாங்கில் 1899-இல் முதல் மரத்தை நட்டவர் அந்த வட்டார ஆளுநர் பிரயா ரத்சடானுப்ரடிட் என்று தாய்லாந்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். பின்னாளில் மாணவன் ஆசிரியரை மிஞ்சிவிட்டான். 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவைத் தாண்டி உலகிலேயே அதிகமான இயற்கை ரப்பர் எடுக்கும் நாடானது தாய்லாந்து.

அங்கே இந்த வேலைக்குப் பெயர் ‘கிரீட் யாங்’. ‘யாங்’ என்றால் பிசின், ரப்பர். ‘கிரீட்’ என்றால் கூரிய ஒன்றால் நீளமாகக் கீறுவது. தமிழர் ‘வெட்டு’ என்றதை அவர்கள் ‘கீறு’ என்கிறார்கள். நாம் ‘பால்’ என்பதை அவர்கள் ‘நாம் யாங்’, அதாவது ரப்பர் நீர், என்கிறார்கள்.

பனைமரத்துக்குப் போனால் தாய்மொழியும் சொல்லை மாற்றுகிறது. பனையிலிருந்து பதநீர் எடுப்பது ‘பாட் தான்’. ‘பாட்’ என்றால் மேலோடு சீவி எடுப்பது, ‘தான்’ என்றால் பனை. ரப்பருக்கு ஒரு வினை, பனைக்கு வேறு வினை. தமிழில் உள்ள அதே பிரிவு அங்கேயும் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதல்ல. மரத்தடியில் நின்று வேலை செய்தவனின் கைக்கு இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் இரண்டு மொழிகளிலும் இரண்டு சொற்கள்.

‘டேப்’பின் மற்றப் பொருள்களுக்கும் தாய்மொழியில் தனித்தனிச் சொற்களே உள்ளன. கதவை மெல்லத் தட்டுவது ‘கொ’. கைப்பேசித் திரையில் விரல் வைப்பது ‘தெ’, அதாவது தொடுவது. தமிழ்க் கைப்பேசியில் ‘தட்டவும்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் தாய்க் கைப்பேசி ‘தொடவும்’ என்கிறது. தொலைபேசியை ஒட்டுக் கேட்பது ‘டக் ஃபங்’. ‘டக்’ என்றால் பொறி வைத்துக் காத்திருப்பது, ‘ஃபங்’ என்றால் கேட்பது. தமிழின் ‘ஒட்டுக் கேட்பது’ சுவரோரம் ஒட்டி நிற்கிறவனைக் காட்டுகிறது; தாய்ச் சொல் வலை விரித்து உட்கார்ந்திருக்கும் வேடனைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லிலோ இன்னும் அந்தப் பீப்பாய்தான் இருக்கிறது.

குழாய் நீருக்கு அவர்கள் சொல்வது ‘நாம் பிரப்பா’. இதன் கதை சுவையானது. பேங்காக் நகரின் குடிநீர் நிலையம் 1914-இல் திறக்கப்பட்டது. அந்தச் சேவைக்கு வழங்கிய ‘பிரப்பா’ என்ற பெயர் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடம் என்பது அதன் மூலப் பொருள். நம் வழக்கில் சொன்னால் தண்ணீர்ப் பந்தல். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் தாகம் தீர்த்துக்கொள்ளும் அதே தண்ணீர்ப் பந்தல்தான் தாய்லாந்தில் வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மற்ற மொழிகளும் கத்தியும்

மலாய்க்காரர்கள் ‘மெனோரே கெத்தா’ என்கிறார்கள். ‘தோரே’ என்றால் கீறி வெட்டுவது. பனை, தென்னைச் சாற்றுக்கு ‘சாடாப்’ என்ற வேறு சொல் உண்டு. இந்தோனேசியாவில் ரப்பருக்கும் ‘சாடாப்’தான், தொலைபேசி ஒட்டுக் கேட்பதற்கும் அதுவேதான். ஆங்கிலம் போன வழியிலேயே அந்த மொழியும் போயிருப்பது வியப்பளிக்கிறது. சீனர்கள் மாண்டரினில் ‘கெ ஜியாவ்’ என்கிறார்கள். ‘கெ’ என்பது கதிர் அறுப்பதற்கும் உரிய சொல். வியட்நாமியர்கள் ‘காவ் மு’ என்கிறார்கள். ‘காவ்’ என்றால் முகம் மழிப்பது, சுரண்டுவது. ரிட்லி சொன்ன முறைக்கு மிக நெருக்கமான சொல் அதுதான் என்று சொல்லத் தோன்றும்.

வெட்டு, கீறு, அறு, மழி. நான்கும் கத்தி செய்யும் வேலைகள். ஆங்கிலச் சொல் ஒன்றில்தான் கத்தியைக் காணோம்.

மாணவர்களுக்கு ஒரு வழி

இதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக்கூடியது என்ன? ஆங்கில வினைச்சொல்லைத் தனியே எடுத்து, எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்வது போதாது. சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, எதன்மேல் அந்த வேலை நடக்கிறது? தோளா, திரையா, தொலைபேசியா, மரமா? இரண்டு, அதனால் என்ன வெளியே வருகிறது? ஒலியா, பாலா, நீரா, இரகசியமா, ஒன்றுமே இல்லையா? மூன்று, அந்த வேலையைச் செய்கிறவர்கள் தமிழில் அதை என்னவென்று சொல்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. முதல் இரண்டுக்கு அகராதி உதவும். மூன்றாவதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். ‘பால் வெட்டு’ என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்தவர் புலவர் அல்லர். மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா கம்பில் தோள் நோகச் சுமந்தவர்கள் கொடுத்தது அது.

சொல்லைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

அந்த மனிதர்கள் இப்போது எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்துவிட்டார்கள். பேராக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயரில் தோட்டம் இருக்கிறது; பிள்ளைகளில் பலர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை ஒரு முறைகூடக் கண்டதில்லை.

வேலை போனால் அதைச் சுற்றியிருந்த சொற்களும் போகும். நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு, ஆயாக் கொட்டகை. பெரட்டு என்பது ஆங்கிலத்து ‘பரேட்’. மங்கு என்பது மலாயின் ‘மங்கோக்’. மூன்று மொழிகளைப் பிசைந்து தோட்டத் தமிழர்கள் செய்துகொண்ட தமிழ் இது. அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்ற நாவலுக்குப் பெயர் வைத்தபோது கையாண்ட ‘பால்மரம்’ என்ற சொல்லும் இந்த மண்ணில் விளைந்ததே.

இந்தச் சொற்களைத் தெரிந்தவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள், தாத்தாக்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு கத்தியை எப்படித் தீட்டுவது, கோட்டை எப்படிப் பிடிப்பது, மழை வந்தால் அன்றைய பால் என்ன ஆகும், மரத்தில் காயம் பட்டால் கங்காணி என்ன சொல்வார் என்று சொற்களோடு சேர்த்தே சொல்வார்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைக்கலாம். பள்ளிகள் இதை விடுமுறைப் பணியாகவே கொடுக்கலாம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டுவந்தால், ஒரே மாதத்தில் அந்த வட்டாரத்துத் தோட்டச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதியே சேர்ந்துவிடும்.

அப்படிக் கேட்டு எழுதிய பிள்ளை, ‘என் தாத்தா பால் மரம் வெட்டினார், மரம் சாகாமல் வெட்டத் தெரிந்தவர்’ என்று தன் கட்டுரையில் எழுதும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டேப்’ என்ற சொல்லையும் சரியான இடத்தில் வைக்கும்.